தமிழில் ஒரு நிக்காஹ்

ஜனவரி 18, சனி

நாட்குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இருந்ததில்லை. பேசுகிறவனுக்கு அது எதற்கு? தோன்றியதை அன்றன்றே யார் காதிலாவது போட்டுவிடுவேன். ஓய்வு பெறும்வரை கல்லூரியில் தமிழ் நடத்தினேன். அதற்குப் பிறகு மீலாது மேடை, கோயில் மண்டபத்து இலக்கியக் கூட்டம், பட்டிமன்றம் என்று கூப்பிட்ட இடமெல்லாம் போய்ப் பேசினேன். மேலப்பாளையத்தில் ‘தமிழ் மீராசா’ வீடு என்றால் ஆட்டோக்காரர் வழி கேட்க மாட்டார். தமிழ் என்பதை என் இனிஷியல் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் ஊரில் உண்டு.

மூன்று மாதமாகக் குரல் கரகரத்தது. மழையில் நனைந்த தொண்டை என்று சொல்லிக்கொண்டு சுக்குத்தண்ணீர் குடித்தேன். மகள் பல்கீஸ் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாளையங்கோட்டையில் டாக்டர் எஸ்தரிடம் போனாள். அந்த அம்மா மூக்கு வழியாக ஒரு குழாயை விட்டுத் திரையில் காட்டினார். இத்தனை வருடம் எனக்குச் சோறு போட்ட இடத்தை இன்றைக்குத்தான் பார்த்தேன். அதன் ஓரத்தில் ஒரு கட்டி உட்கார்ந்திருந்தது.

“திங்கக்கிழமை எடுத்துருவோம் சார். எடுத்ததை டெஸ்டுக்கு அனுப்பணும். ரெண்டு வாரம் ஒரு வார்த்தை பேசக்கூடாது. குசுகுசுன்னும் பேசக்கூடாது.”

“என்ன டெஸ்டு?” என்றாள் என் மனைவி மைமூன்.

“அம்மா, என்னன்னு தெரிஞ்சுக்கத்தான்” என்றார் டாக்டர்.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி பல்கீஸுக்கு நிக்காஹ். ஆட்டோவில் வரும்போதே மைமூன் முடிவு செய்துவிட்டாள். “ரிசல்ட்டு வர்ற வரைக்கும் யாருக்கும் மூச்சு விடக்கூடாது. சம்பந்தி வீட்டுக்குத் தெரியவே கூடாது. இந்த ஊருல ‘புத்து’ங்கிற வார்த்தை காத்துல பறந்தாப் போதும், ஆளாளுக்கு மையத்துக் குழியே வெட்டிருவாங்க.”

இந்த நாட்குறிப்பு அந்தச் சம்பந்தி கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ‘துராப் சில்க்ஸ்’ என்று இருக்கிறது. அவருக்குத் தெரியக்கூடாததை எல்லாம் இதில்தான் எழுதியாக வேண்டும்.

ஜனவரி 19, ஞாயிறு

பேசக் கிடைத்த கடைசி நாள். காலையிலிருந்து எல்லாரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பேசினேன். பால்காரர் தப்பித்து ஓடினார்.

கட்டியைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. என் கவலை நிக்காஹ். மகளை மணம் செய்து கொடுக்கும் வார்த்தையை நானே, என் வாயால், தமிழில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறேன். எங்கள் பக்கத்து வழக்கம் வேறு. பெண்ணின் வாப்பா தன் உரிமையைப் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் ஒப்படைத்துவிட்டுத் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார். ஹஸ்ரத் அரபியில் சொல்லி முடிப்பார். என் நிக்காஹிலும் அப்படித்தான். மைமூனின் வாப்பா பீடி இலை வியாபாரி, நல்ல மனிதர். எல்லாம் முடிந்து கூட்டம் ‘ஆமீன்’ சொன்ன பிறகு என் காதருகே குனிந்து, “மாப்ள, நீங்க படிச்சவக. இப்ப நான் புள்ளையக் குடுத்துட்டேனா, இல்ல இனிமேத்தான் குடுக்கணுமா?” என்று கேட்டார். அன்றைக்குச் சிரித்துவிட்டேன். பல்கீஸ் பிறந்த பிறகு அதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. பெற்ற பிள்ளையைக் கொடுக்கிறவனுக்குக் கொடுத்துவிட்டோம் என்று தெரிய வேண்டாமா?

ஹஸ்ரத்திடம் போய்க் கேட்டேன். “சொல்றவருக்கும் ஏத்துக்கிறவருக்கும் சாட்சிக்கும் அர்த்தம் புரியணும். அவ்வளவுதான். தாராளமாச் சொல்லுங்க” என்றார். முட்டுக்கட்டை போட்டவர் சம்பந்தி துராபு ஹாஜியார். “என் வாப்பாவுக்கு அரபியில நடந்துச்சு, எனக்கு அரபியில நடந்துச்சு. என் மகனுக்கு மட்டும் என்ன புதுசா? மச்சான் மைக்கப் புடிச்சா விடுவாகளா? பிரியாணி ஆறிப்போயிரும்” என்று ஹஸ்ரத்திடமே சொல்லியிருக்கிறார். ஒரு மாதமாக இதே இழுபறி.

சொல்ல வேண்டியதை முன்பே ஒரு முழுப் பக்கம் எழுதி, அதில் ஒரு படி ஹஸ்ரத்துக்கும் ஒரு படி துராபுக்கும் கொடுத்திருந்தேன். இன்று சத்தமாக ஒருமுறை படித்துப் பார்த்தேன். ‘நானும் என் மனைவி மைமூனும் கண்ணுக்குள் வைத்து வளர்த்த எங்கள் மகள் பல்கீஸை’ என்று வரும் இடத்தில் குரல் உடைந்தது. கட்டிதான் காரணம்.

மைமூன் அடுப்படியிலிருந்து, “இம்புட்டையும் நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள மாப்பிள்ளைக்கு நரைச்சிரும்” என்றாள். ஆனால் அடுப்பைத் தணித்துவிட்டுத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 20, திங்கள்

பேசவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

மயக்கம் தெளிந்ததும் வாய் தானாகத் திறந்தது. பல்கீஸ் கையால் பொத்திவிட்டாள். சின்ன வயதில் அவள் வாயை நான் பொத்தியிருக்கிறேன். வட்டி சேர்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

எழுதிக் காட்ட ஒரு வெள்ளைப் பலகை வாங்கி வந்திருக்கிறாள். வலிக்கிறதா என்று கேட்ட நர்ஸம்மாவுக்கு, ‘சற்றே எரிச்சல், தாங்கும் அளவுதான்’ என்று எழுதிக் காட்டினேன்.

அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாக, “நீங்க பாய்தானே சார்? தமிழ் எவ்வளவு அழகா எழுதுறீங்க!” என்றது.

இந்தக் கேள்வி என் வாழ்நாள் முழுக்கக் கூடவே வருகிறது. மேடையில் மாலை போடுகிறவர் சொல்லியிருக்கிறார், ரயிலில் எதிர் சீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார், ஒரு துணைவேந்தரே சொல்லியிருக்கிறார். ‘எங்க வீட்டுல வேற பாஷையே கிடையாதுய்யா. எங்க உம்மா என்னைத் தாலாட்டினதும் இதுலதான், விளக்குமாத்தால அடிச்சதும் இதுலதான்’ என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். சபையே கைதட்டும். இன்றைக்கு அது தொண்டைக்குக் கீழேயே நின்றுவிட்டது. பலகையில் எழுதலாம்தான், எழுதினால் கோபம் மட்டும்தான் தெரியும், சிரிப்பு தெரியாது. ‘நன்றி அம்மா’ என்று எழுதினேன். அந்தப் பெண் நல்ல பெண். ஊசி குத்தியதே தெரியவில்லை.

ஜனவரி 23, வியாழன்

வீட்டுக்கு வந்தாயிற்று.

நான் பேசாத வீட்டில் என்ன சத்தம் இருக்கும் என்று நினைத்திருந்தேன். மைமூன் பேசுகிறாள். காலையில் ஆரம்பித்தவள் தன் சின்னம்மா வீட்டுச் சண்டை, பக்கத்துத் தெருவில் இடிந்த சுவர், கல்யாணத்துக்கு யார் யார் வர மாட்டார்கள், வராததற்கு என்ன காரணம் சொல்வார்கள் என்று மதியம்வரை ஓடினாள். நடுவில் நான் பலகையில் எழுத ஆரம்பித்தால் முதல் சொல்லிலேயே முழுவதையும் புரிந்துகொண்டு பதிலும் சொல்லிவிடுகிறாள். நன்றாகத்தான் பேசுகிறாள். இடத்துக்கு இடம் குரலை மாற்றி ஆட்களை அப்படியே கொண்டுவந்து நிறுத்துகிறாள். இதை இத்தனை நாள் எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை.

போன் வந்தால் எடுப்பதும் அவள்தான். எல்லாரிடமும் ஒரே பதில். “அவங்க மதுரைக்குப் பேசப் போயிருக்காங்க.” துராபு ஹாஜியார் மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் மதுரை.

ஜனவரி 25, சனி

இன்றைக்கு நடந்ததை எழுதவே கை கூசுகிறது.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு கூடத்தில் உட்கார்ந்து கடலைமிட்டாய் கடித்துக்கொண்டிருந்தேன். சாப்பாட்டுக்கு டாக்டர் தடை போடவில்லை. வாசல் கதவு திறந்தே கிடந்தது. துராபு ஹாஜியார் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, அத்தர் வாசம், கையில் பழப்பை. என்னைப் பார்த்ததும் ஒரு நொடி திகைத்தார். மதுரையில் இருக்க வேண்டியவன் சாய்வு நாற்காலியில் மிட்டாயோடு இருக்கிறேன். நான் அவசரமாகப் பலகையைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன்.

“அஸ்ஸலாமு அலைக்கும் மச்சான்” என்றார்.

யார் சலாம் சொன்னாலும் பதில் சொல்வது கடமை. குழந்தை சொன்னாலும் சொல்ல வேண்டும், பகையாளி சொன்னாலும் சொல்ல வேண்டும். நான் நெஞ்சில் கையை வைத்துத் தலையை ஆட்டினேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். வாயில் கடலைமிட்டாய்.

மைமூன் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஓடி வந்தாள். “வாங்க காக்கா. இப்பத்தான் மதுரையில இருந்து வந்தாங்க. பல்வலி, பேச முடியல.”

துராபு என் கையில் மிச்சமிருந்த மிட்டாயைப் பார்த்தார். கல்லை உடைப்பது மாதிரி நான் கடித்த சத்தத்தை வாசலிலேயே கேட்டிருப்பார்.

அவர் உட்கார்ந்தார். டீ வந்தது, தொடவில்லை. தரையைப் பார்த்தபடியே பேசினார். “மச்சான், நிக்காஹ அரபியில வைக்கணும்னு நான் சொன்னது உங்களை மட்டம் தட்ட இல்ல. நான் எட்டாங் கிளாஸ். நீங்க சபையில தமிழப் பேசி, அதுக்கு நான் என்ன ஏதுன்னு முழிச்சுக்கிட்டு நின்னா எனக்குத்தான் அசிங்கம். அதைச் சொல்லத் தெரியாம என்னமோ சொன்னேன். அதுக்குக் கோவப்படுங்க, வைங்க, நாலு வார்த்தை ஏசுங்க. சலாத்துக்குமா பதில் இல்ல?”

எழுந்து போய்விட்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது கால் தடுமாறியது. பலகையை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடியிருக்கலாம். மைமூன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “ரிசல்ட்டு வரட்டும். நாலு நாள் பொறுத்துக்குவாக.” நானும் நின்றுவிட்டேன்.

பல்கீஸ் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனவள் இருட்டி மக்ரிப் பாங்கு சொன்ன பிறகுதான் இறங்கினாள். கண் சிவந்திருந்தது. கல்யாணப் பெண்கள் அழுவது வழக்கம்தானே. மாப்பிள்ளை இம்தியாஸோடுதான் பேசியிருப்பாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 26, ஞாயிறு

மைமூன் இன்றைக்குப் பேசவில்லை. இருவரும் பேசாத வீடு நன்றாக இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

ஹஸ்ரத் வந்தார். அவரிடம் மட்டும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று மைமூன் ஏற்கெனவே ஒத்துக்கொண்டிருந்தாள். ஓதிப் பார்க்க ஒருவராவது வேண்டும் என்பது அவள் கணக்கு.

“துராபு ஹாஜியார் சொல்லிவிட்டாங்க” என்றார் ஹஸ்ரத். “தமிழ்லயே நடக்கட்டுமாம். நீங்களே சொல்லணுமாம். எம்புட்டு நேரம் ஆனாலும் பரவாயில்லையாம்.”

எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு மாதம் வாய் கிழியப் பேசியும் நடக்காதது, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததும் நடந்துவிட்டது. இதை முன்பே தெரிந்துகொண்டிருந்தால் எத்தனை பட்டிமன்றத்தில் ஜெயித்திருப்பேன்! பலகையில் பெரிதாக ‘வெற்றி’ என்று எழுதி மைமூனிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. “மனுசன் நொந்துபோய் விட்டுக்குடுத்திருக்காரு. இதுல என்ன வெற்றி?” என்றாள்.

அழித்துவிட்டேன். ஆனாலும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். சந்தோஷத்துக்கு நடுவில் அவர் செருப்பு மாட்டும்போது தடுமாறியது வந்து வந்து போகிறது.

ஜனவரி 29, புதன்

சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு தூக்குவாளி நிறைய ஆட்டுக்கால் சூப் வந்தது. நல்ல பதம். மிளகு போட மறந்துவிட்டார்கள் போல, காரமே இல்லை. தொண்டைக்கு இதமாக இறங்கியது.

ஜனவரி 30, வியாழன்

இன்றைக்கு ரிசல்ட் என்று சொல்லியிருந்தார்கள். போனோம். நாளைக்கு என்றார்கள். திரும்பினோம்.

பதிப்பு வேலை ஒன்று பாதியில் கிடக்கிறது. தென்காசிப் பக்கத்துப் புலவர் ஒருவர் பாடிய நபிமார் கதை. சுவடி படித்து, உரை எழுதி, இரண்டு காண்டம் முடிந்திருக்கிறது. மூன்றாவது காண்டத்தை எடுத்து வைத்து உட்கார்ந்தேன். ஒரு பாட்டைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பொருள் மனதில் ஏறவில்லை. இதை முடிக்காமல் போய்விட்டால் யார் முடிப்பார்கள் என்று யோசித்தேன். பிறகு, முடிக்காமல் எங்கே போகப் போகிறேன் என்றும் கேட்டுக்கொண்டேன். பயம் என்று எழுத மாட்டேன். வெளிச்சம் போதவில்லை, ஏட்டை மூடிவிட்டேன்.

ஜனவரி 31, வெள்ளி

அல்ஹம்துலில்லாஹ்.

எழுதத்தான் முடிகிறது. கத்த வேண்டும்போல இருக்கிறது.

டாக்டர் எஸ்தர் தாளைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தார். அப்போதே தெரிந்துவிட்டது. “புத்து இல்ல சார். சாதாரணக் கட்டி. ஓயாமப் பேசுறவங்களுக்கு வர்றதுதான். வாத்தியார்களுக்கு, பாட்டுப் பாடுறவங்களுக்கு, காய்கறி விக்கிறவங்களுக்கு எல்லாம் வரும்.”

காய்கறி விற்கிறவர்களோடு என்னையும் சேர்த்ததில் எனக்கு வருத்தமில்லை. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். டாக்டரைக் கும்பிட்டேன். பல்கீஸ் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. நானும் அழுதேன், அதற்குச் சத்தம் வேண்டியதில்லை.

மைமூனைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தால் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்து, கேன்டீன்காரரிடம் இரண்டு டீயும் நாலு பன்னும் சொல்லியிருக்கிறாள். “பசிக்குது” என்றாள். “போன சனிக்கிழமையில இருந்து சோறு எறங்கல. இப்பப் பசிக்குது.” பன்னைப் பிய்த்து டீயில் முக்கி முக்கிச் சாப்பிட்டாள். அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த ஒரு வாரத்தில் ஒரு வேளைகூட எனக்கு அவள் சாப்பாடு குறைக்கவில்லை. அவள் தட்டை நான் பார்க்கவும் இல்லை.

உலகம் நன்றாக இருக்கிறது. பாளையங்கோட்டை மார்க்கெட்டு நெரிசல்கூட இன்றைக்கு அழகாக இருந்தது. சிக்னலில் ஒரு லாரிக்காரர் எங்கள் ஆட்டோவை ஏசினார். எப்பேர்ப்பட்ட குரல்! என்ன தமிழ்!

பிப்ரவரி 3, திங்கள்

பேச அனுமதி கிடைத்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம், மெதுவாக. டாக்டர் ‘ஆ’ சொல்லச் சொன்னார், சொன்னேன். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. முதல் பேச்சு யாருக்கு என்று முன்பே முடிவு செய்திருந்தேன். வழியெல்லாம் மைமூன் வாயைக் கிண்டிப் பார்த்தாள். நான் திறக்கவில்லை. அவளை வீட்டில் இறக்கிவிட்டு நேராகத் துராபு கடைக்குப் போனேன்.

கல்லாவில் இருந்தார். என்னைக் கண்டதும் கையிலிருந்த ஏதோ தாளை அவசரமாகச் சேலைக்கட்டுக்கு அடியில் செருகினார். வியாபாரிகளுக்கு ஆயிரம் சோலி இருக்கும். அவர் வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

“வ அலைக்குமுஸ்ஸலாம் வ ரஹ்மத்துல்லாஹி வ பரக்காத்துஹு.”

குரல் துருப்பிடித்த கீல் மாதிரி இருந்தது. ஆனால் குரல்! என் குரல்!

துராபு கடை குலுங்கச் சிரித்தார். “அந்தச் சனிக்கிழமை சொன்ன சலாத்துக்கு இப்பத்தான் பதில் வந்து சேந்துச்சா? மதுரை ரொம்பத் தூரந்தான் மச்சான்.”

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டி, டாக்டர், மைமூனின் பயம், பல்வலி. மன்னிப்புக் கேட்டேன். அவர் கண் கலங்கினாலும், ஆச்சரியப்பட்டதாகத் தெரியவில்லை. “அல்லா காப்பாத்துனான். போதும், பேசாதீய” என்று பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்கை எடுத்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தார். ஜவுளிக்கடையில் வெந்நீர் பிளாஸ்க் எதற்கு என்று கேட்க நினைத்தேன். ஐந்து நிமிடம் முடிந்திருந்தது.

பிப்ரவரி 6, வியாழன்

அந்த ஒரு பக்கத்தைச் சொல்லிப் பார்த்தேன். பாதியிலேயே குரல் போய்விட்டது. வெட்ட உட்கார்ந்தேன்.

எத்தனையோ மாணவர்களின் ஆய்வேட்டில் ஈவிரக்கம் இல்லாமல் அடித்திருக்கிறேன். என் எழுத்தில் அடிக்க இப்போதுதான் கை வைத்தேன். முன்னுரை போயிற்று. குலப்பெருமை போயிற்று. ‘நானும் என் மனைவி மைமூனும் கண்ணுக்குள் வைத்து வளர்த்த எங்கள் மகள்’ என்பது ‘என் மகள்’ என்று ஆயிற்று. பெண்ணைக் கொடுக்கும் உரிமையுள்ள வலீ வாப்பாதான், உம்மா பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஹஸ்ரத்தும் சொல்லியிருந்தார். கடைசியில் மிஞ்சியது ஒரே வாக்கியம்: ‘என் மகள் பல்கீஸை, அவள் சம்மதத்தோடு, பேசிய மஹர் தொகைக்கு, உமக்கு மணம் செய்து தந்தேன்.’ கச்சிதமாக இருக்கிறது. தாளை மைமூனிடம் நீட்டினேன்.

படித்தாள். “நல்லாத்தான் இருக்கு. சுருக்கமா” என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள். மடித்த துணியையே திரும்பவும் உதறி மடித்துக்கொண்டிருந்தாள். கல்யாண அலைச்சல்.

பிப்ரவரி 8, சனி

வீட்டில் கால் வைக்க இடமில்லை. ஐந்து நிமிடத்தைக்கூடச் செலவழிக்கவில்லை. நாளைக்கு வேண்டும்.

பிப்ரவரி 10, திங்கள்

நேற்று எழுத நேரமில்லை. இப்போது காலை. மாப்பிள்ளையும் பெண்ணும் விருந்துக்குப் போயிருக்கிறார்கள். வரிசையாக எழுதிவிட வேண்டும்.

நிக்காஹ் மஜ்லிஸ் நிறைந்திருந்தது. கல்லூரி நண்பர்கள், கோயில் மண்டபத்து இலக்கியக் கூட்டத்துச் செயலாளர், டாக்டர் எஸ்தர் எல்லாரும் வந்திருந்தார்கள். திரைக்கு அந்தப்பக்கம் பெண்கள். நடுவில் ஹஸ்ரத், அவருக்கு முன்னால் நானும் இம்தியாஸும் எதிரெதிராக. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் துராபு. ஹஸ்ரத் நிக்காஹ் உரையான குத்பாவை ஓதி முடித்து, மைக்கை என் பக்கம் நகர்த்தி, “இப்ப மணமகளின் தந்தை, பேராசிரியர் அவர்கள் தமிழில் சொல்வாங்க” என்றார். சபையில் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது.

இம்தியாஸின் வலது கையைப் பிடித்தேன். பிஸ்மி சொன்னேன், வந்தது. “என் மகள்” என்றேன்.

அவ்வளவுதான். நின்றுவிட்டது.

தொண்டை போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. தொண்டை நன்றாகத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேடையில் சொல் தட்டி நின்றதே இல்லாத மனிதன் நான். ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை. பையிலிருந்த தாளை எடுத்தேன். கண்ணாடி முழுக்க மூட்டம், எழுத்தே தெரியவில்லை. யாரோ இருமினார்கள். ஹஸ்ரத் தன்னிடம் இருந்த தாளைத் தேடி ஜிப்பாவின் இந்தப் பையிலும் அந்தப் பையிலும் கையை விட்டுக்கொண்டிருந்தார். என் வாயால் சொல்ல வேண்டும் என்று ஊரோடு மல்லுக்கு நின்றதெல்லாம் இங்கே வந்து ஊமையாக உட்காரத்தானா? மாமனாராவது தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பக்கத்திலிருந்து ஒரு குரல் மெதுவாக வந்தது.

“நானும் என் மனைவி மைமூனும்…”

துராபு. தாள் எதுவும் கையில் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிப்பது மாதிரி, ஒவ்வொரு சொல்லாக எடுத்துக் கொடுத்தார். நான் வெட்டிப் போட்டது அவருக்குத் தெரியாது. அவரிடம் இருந்தது பழைய முழுப் பக்கம். முன்னுரையைத் தாண்டி, மகளைப் பற்றி வரும் இடத்திலிருந்து எடுத்தார்.

“நானும் என் மனைவி மைமூனும்” என்றேன்.

“கண்ணுக்குள் வைத்து வளர்த்த…”

“கண்ணுக்குள் வைத்து வளர்த்த.”

“எங்கள் மகள் பல்கீஸை…”

அவர் சொல்லச் சொல்ல, பின்னாலேயே போனேன். அங்கிருந்து ஒரு சொல்லும் அவர் விடவில்லை. நானே இரண்டு மூச்சில் சொல்லும் நீண்ட தொடரை அவர் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினார். என் குரல் கரகரத்தது, உடைந்தது, மறுபடி ஒட்டிக்கொண்டது. கடைசியில் “உமக்கு மணம் செய்து தந்தேன்” என்றபோது அவர் எடுத்துக் கொடுக்கவில்லை. அதை நானே சொன்னேன். சத்தமாகவே சொன்னேன்.

இம்தியாஸ், “மனம் உவந்து ஏற்றுக்கொண்டேன்” என்றான். சபை முழுக்க ஆமீன் சொன்னது.

கொடுத்துவிட்டேன். எனக்குத் தெரிந்து, புரிந்து, என் வாயால் கொடுத்துவிட்டேன். நெஞ்சிலிருந்து அப்படி ஒரு பாரம் இறங்கியது.

சாப்பாட்டில் துராபு என் தட்டில் கறியை அள்ளி வைத்தார். “எப்பம் பாடம் பண்ணுனீய?” என்று கேட்டேன்.

“அன்னைக்கு உங்க வீட்டுல இருந்து கோவமாத்தான் போனேன். சாயங்காலம் இம்தியாசு வந்து உக்காந்தான். ‘வாப்பா, மாமாவுக்குத் தொண்டையில ஆபரேசன், ரிசல்ட்டு வரல, யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பல்கீஸ் சொன்னா’ன்னு அழுதான். நீங்க மறைச்சதை நான் தெரிஞ்ச மாதிரிக் காட்டிக்கிட்டா நல்லாவா இருக்கும்? அதான் நானும் வாயத் தெறக்கல.” எலும்பைத் தட்டில் தட்டினார். “குரலு வராமப் போச்சுன்னா எடுத்துக் குடுக்க ஒரு ஆளு வேணும்ல மச்சான்? அன்னைக்கே அந்தத் தாள எடுத்து வச்சு உக்காந்துட்டேன். கஷ்டமான தமிழு. ஆனா நாலு நாள்ல அர்த்தம் புரிஞ்சிருச்சு. புரிஞ்ச பொறகு அரபியில வைக்கச் சொன்ன என்னையவே எனக்குப் புடிக்கல.”

என் தட்டிலிருந்த கறியில் பாதியை எடுத்து அவர் தட்டில் வைத்தேன்.

எல்லாரும் போன பிறகு மைமூன் வந்து எதிரே உட்கார்ந்தாள். பட்டுப்புடவைகூட மாற்றவில்லை.

“பொம்பளைங்க பக்கத்துலயும் மைக்கு வச்சிருந்தாங்க” என்றாள்.

“கேட்டுச்சா?”

“என் பேரு வந்ததும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க. எங்க போய் மூஞ்ச வைக்கன்னு தெரியல.” முந்தானை நுனியைச் சுருட்டினாள், பிரித்தாள். “நிக்காஹுல உம்மா பேரு சொல்லி நான் கேட்டதே இல்ல.”

அந்த இடத்தை வெட்டியவன் நான் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும்.

“இன்னொரு தடவ சொல்லுங்களேன்” என்றாள். “அந்த மொத வரி மட்டும்.”

பக்கத்தில் துராபு இல்லை, கையில் தாளும் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.